ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பருவம் அறிந்து பேசும் உணரிகள்

சேலத்து நிறுவனம் ஒன்று சேர்வராயன் மலையிலுள்ள எங்கள் காப்பித் தோட்டத்தில் அமைத்துத் தந்த, மண்ணீரத்தையும் மழையையும் அளந்து தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தைச் சொல்லும் உணரிச் சேவையை, தை மாத வறட்சி முதல் மழைக்காலம் முடியும்வரை பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன்.

மண்ணின் ஈரம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் தண்ணீர் பாய்ச்சச் சொல்லும் கருவிகள் பல உள்ளன. நாங்கள் வளர்க்கும் அராபிகா என்ற காப்பி வகைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வறட்சியில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள், மாசி பங்குனியில் நல்ல மழை ஒன்று பெய்த எட்டு, பத்து நாளில் ஒருசேர மலர வேண்டும். இடையில் நாமே தண்ணீர் விட்டு அந்த உறக்கத்தைக் கலைத்தால் பூவும் பழமும் முன்பின்னாக வந்து, பறிப்புக் கூலி ஏறிவிடும். ஆகவே தையில் உணரி காட்டும் ஈர அளவும், பூத்து முடிந்தபின் காட்டும் அதே அளவும் ஒரே பொருள் தருவன அல்ல. சூழலை அறிந்து இயங்கும் கணினி என்ற எண்ணத்தை 1994இல் ஷிலிட், தைமர் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் விளக்கியபோது இடம், அருகிலுள்ள ஆட்கள், கருவிகள் ஆகியவற்றையே பெரிதும் கருதினார்கள். காப்பிக்கோ பருவமே முதல் சூழல். இச்சேவை மண்ணீரத்தோடு மழைமானியையும் செடியின் பருவத்தையும் சேர்த்தே முடிவெடுக்கிறது. தையில் மண் காய்ந்தபோது பேசாதிருந்து, பூத்தபின் மழை தவறியபோது தண்ணீர் கேட்டது. இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

காப்பி இலையைத் தாக்கும் இலைத்துரு என்ற பூஞ்சை நோய்க்கான எச்சரிக்கையும் நன்று. அந்தப் பூஞ்சையின் வித்து முளைக்க இலைமேல் நீர் நிற்க வேண்டும். மூடுபனி நாட்களில் காற்றின் ஈரப்பதம் நூறு சதவீதத்தைத் தொடுவது ஏற்காட்டில் இயல்பு என்பதால், அதை மட்டும் நம்பும் கருவி ஓயாமல் எச்சரிக்கும். இங்கு இலை நனைந்திருந்த நேரமும் வெப்பநிலையும் ஒத்து வந்தால்தான் செய்தி வருகிறது.

உணரிகள் உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், குறைந்த மின்சக்தியில் நெடுந்தொலைவு எட்டும் லோரா என்ற வானொலி முறை வழியே பேசுகின்றன. கணிப்பு தோட்டத்தில் வைத்த கணினிப் பெட்டியிலேயே நடப்பதால், கைபேசிச் சிக்னல் போனாலும் வேலை நிற்பதில்லை.

பெருங்குறை ஒன்று உண்டு. பூத்த நாளை நாமே பதிய வேண்டும். அதுவும் தோட்டம் முழுவதற்கும் ஒரே நாள். மேட்டுச் சரிவும் பள்ளமும் ஒரே நாளில் பூப்பதில்லை என்பது மலையில் எல்லோரும் அறிந்தது. தவிர, எதனால் இந்த முடிவு என்ற காரணத்தைச் செய்தி சொல்வதில்லை. காரணம் தெரியாமல் மேஸ்திரி ஆட்களை அனுப்பத் தயங்குகிறார், அது நியாயமே. ஒரே சரிவில் அமைந்த சிறு தோட்டத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பல சரிவுகள் உள்ளவர்கள், பகுதிவாரியாகப் பூத்த நாளைப் பதியும் வசதி வந்தபின் பணம் கட்டலாம்.