ஸ்பானிஷ் வினைச்சொற்களும் ஆங்கி செயலியும்: இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஸ்பானிஷ் படிக்கப் போகிறவரை முதலில் மிரட்டுவது கான்ஜுகேஷன் அட்டவணைதான், அதாவது ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப ஒரு வினை எப்படியெல்லாம் மாறும் என்ற பட்டியல். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று கார்டு போட்டு, திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக்கும் செயலி ஆங்கி. இரண்டு வருடத்துக்கு மேலாக அதில் நானே கார்டு போட்டுப் படிக்கிறேன். ஒழுங்கான, அதாவது விதிப்படி மாறும் வினைகளைப் பொறுத்தவரை, அட்டவணையைப் புரிந்துகொள்ள ஒரு தடவை பார்த்தால் போதும், மனப்பாடம் பண்ணுவது வீண் வேலை என்பது என் கட்சி. ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்), ஆப்லா (பேசுகிறார்) என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துப் பழகினால், 'அவர்கள் பேசுகிறார்கள்' என்று கேட்டதும் மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்துதான் ஆப்லான் கிடைக்கும். அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்.

வினைகள் ஆர், ஏர், ஈர் என்று மூன்று விதமாக முடியும். பேசுவது ஆப்லார், சாப்பிடுவது கொமேர், வசிப்பது பிபீர். பெயருக்குத்தான் மூன்று. பின்னிரண்டுக்கும் கடந்த கால விகுதிகள் அப்படியே ஒன்று. நிகழ்காலத்தில் 'நாங்கள்' வரும்போது மட்டும் கொமேமோஸ், பிபீமோஸ் என்று பிரியும். ஸ்பெயினில் புழங்கும் பன்மை 'நீங்கள்' வடிவமும் பிரியும், ஆனால் லத்தீன் அமெரிக்காவில் அதைப் பேச்சில் பயன்படுத்துவதில்லை என்பதால் நான் தொடவே இல்லை. எதிர்காலத்தில் ஆப்லார் மாதிரி முழு வினையோடு விகுதி ஒட்டிக்கொள்ளும், அந்த விகுதி மூன்று வகைக்கும் ஒன்றுதான். இதைப் பார்த்த பிறகு பயம் பாதி போய்விடும்.

விகுதியிலேயே ஆள் தெரிவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. 'வந்தேன்' என்றால் யார் வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அங்கேயும் அப்படித்தான், 'யோ' (நான்) என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அதனால் கார்டின் முன்பக்கத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் தயார் தொகுப்புகள் பெரும்பாலும் ஆங்கில முன்பக்கத்தோடு வரும். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒரே சொல், ஸ்பானிஷில் தூ வேறு, உஸ்தேத் வேறு. 'நீ பேசுகிறாய்' என்றால் ஆப்லாஸ், 'நீங்கள் பேசுகிறீர்கள்' என்றால் ஆப்லா. பலரைச் சொல்லும்போது மட்டும் 'நீங்கள் எல்லாரும்' என்று எழுதிவிடுங்கள், அப்போது விடை ஆப்லான்.

தமிழ் கைகொடுக்கும் இன்னொரு இடம் கடந்த காலம். கொமீ, கொமீயா இரண்டும் 'சாப்பிட்டேன்' என்றுதான் பாடங்களில் வரும், எது எப்போது என்று புரியாது. 'நேற்று மீன் சாப்பிட்டேன்' என்று எழுதினால் கொமீ. 'சின்ன வயசில் தினமும் மீன் சாப்பிடுவேன்' என்று எழுதினால் கொமீயா. இப்படிக் கார்டு போட்டபின் இலக்கண விளக்கம் எதையும் நான் திரும்பப் படிக்கவில்லை.

கஷ்டம் எங்கே என்றால் அழுத்தத்தில். தமிழ் எழுத்தில் இரண்டுமே ஆப்லோதான். முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்', கடைசி அசையை அழுத்தினால் 'பேசினார்'. ஸ்பானிஷ் எழுத்தில் ஒரு சின்னக் கோடு காட்டிக் கொடுத்துவிடும், காதுக்கு அந்த வசதி இல்லை. அழுத்தத்தை வைத்துப் பொருள் பிரிக்கும் பழக்கம் நமக்கு இல்லாததால் இது சீக்கிரம் படியாது. எழுத்தே இல்லாமல், வெறும் ஒலியை மட்டும் முன்பக்கத்தில் வைத்த கார்டுகள்தான் எனக்கு உதவின. ஆனாலும் யாராவது வேகமாகப் பேசினால் இப்போதும் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

புஸ்கார், அதாவது தேடுவது, இதை ஒழுங்கற்ற வினை என்று ஒரு பயிற்சித் தளம் சிவப்பில் காட்டியது. 'தேடினேன்' என்பதற்கு புஸ்கே. தமிழில் எழுதிப் பார்த்தால் என்ன ஒழுங்கு கெட்டது? க ஒலியைக் காப்பாற்ற ஸ்பானிஷ்காரர்கள் எழுத்தை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். வாயால் படிக்கிறவர் இதற்குத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆங்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. பார்க்க அழகாக இருக்காது, கார்டு போடும் வேலை ஆரம்பத்தில் அலுப்பூட்டும். சந்தேகம் வந்தால் ஸ்பானிஷ் ராயல் அகாடமியின் இணைய அகராதியில் வினையைத் தேடுங்கள், முழு அட்டவணையும் அங்கேயே இலவசமாக இருக்கிறது. ஒரு வினையின் எல்லா வடிவத்தையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். முதலில் பல வினைகளுக்கு 'நான்', 'நீ' மட்டும் போடுங்கள், மற்றவை பிறகு.