துணி டயப்பர்: ஐந்து வருடம், இரண்டு குழந்தைகள்

பெரியவள் வயிற்றில் இருந்தபோதே 24 துணி டயப்பர் வாங்கி அடுக்கிவிட்டேன். யானை படம், மேகப் படம், விதவிதமாக. எளிமையாக வாழப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு நான் செய்த முதல் காரியம் ஒரு அலமாரியை நிரப்பியது! போன மாதம் சின்னவனும் டயப்பரை விட்டுவிட்டான். இனி தைரியமாக எழுதலாம்.

முதல் வாரமே ஏமாற்றம். புது டயப்பர் உறிஞ்சவே இல்லை, தொடை வழியாக ஒழுகி மெத்தை நனைந்தது. புதுப் பருத்தி இன்சர்ட்டில் (டயப்பருக்குள் வைக்கும் உறிஞ்சும் பட்டை) எண்ணெய்ப்பசை இருக்குமாம். ஐந்தாறு தடவை துவைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. மென்மையாக இருக்கட்டுமே என்று ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றியது அடுத்த தப்பு. அது இழைமேல் படலமாகப் படிந்து, இருக்கிற உறிஞ்சும் தன்மையையும் கெடுத்துவிடும்.

பெரிய தலைவலி எட்டாம் மாதத்தில் வந்தது. துவைத்துக் காய்ந்த டயப்பரில் வாசனையே இருக்காது. குழந்தை ஒரு தடவை ஒன்றுக்குப் போனால் போதும், கண் எரியும் அளவுக்கு அமோனியா நெடி. குற்றவாளி நானேதான். சூழலுக்கு நல்லது என்று சோப்புத்தூளைப் பாதியாகக் குறைத்திருந்தேன். துணியில் தங்கிய யூரியாவை பாக்டீரியா அமோனியாவாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் வெறும் தண்ணீரில் ஒரு அலசல், பிறகு சோப்பைக் குறைக்காமல் 60 டிகிரியில் முழுத் துவைப்பு என்று மாற்றியதும் நெடி போனது. கறையை வெயில் பார்த்துக்கொண்டது.

இவ்வளவு துவைத்தால் சூழலுக்கு என்ன லாபம் என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்துக்கான கார்பன் கணக்கு, அதாவது பூமியைச் சூடாக்கும் வாயு வெளியேற்றம், தூக்கியெறியும் டயப்பருக்குச் சுமார் 550 கிலோ, துணி டயப்பருக்குச் சுமார் 570 கிலோ. படித்த அன்று எனக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் மெஷினை நிரப்பித் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு சுமார் 40 சதவீதம் குறையும் என்றும் அதிலேயே இருக்கிறது. எப்போதும் டிரையரில் போடுபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. குப்பை குறைவது தனிக் கணக்கு.

அடுத்த குழந்தைவரை டயப்பர் தாங்க வேண்டுமே! மூன்றாம் வருடம் எலாஸ்டிக் தளர்ந்தது, உள்பக்க நீர்புகாப் படலம் உரிந்தது. மைக்ரோஃபைபர் இன்சர்ட் அட்டை மாதிரி விறைத்துவிட்டது. சின்னவன் பிறந்தபோது தேறியது 11 தான். மாமியார் நாலைந்துக்கு எலாஸ்டிக் பிரித்து மாற்றித் தந்துவிட்டு, “இவ்வளவு பாடு எதுக்கும்மா? ஒரு சதுரத் துணியை மடிச்சுக் கட்டினா போதாதா?” என்றார்.

போதும் என்பதுதான் என் முடிவும். ஒற்றை அடுக்குப் பருத்திச் சதுரம், மேலே ஒரு நீர்புகாக் கவர். கெட்டுப்போக அதில் எலாஸ்டிக் கிடையாது, தடித்த இன்சர்ட் ஒரு நாள் முழுக்கக் காயும் இடத்தில் இது இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். சின்னவன் வளர்ந்தது பெரும்பாலும் இதில்தான். மறுபடி வாங்குவதாக இருந்தால் 15 சதுரம், நாலு கவர், அவ்வளவே. இரவிலும் பயணத்திலும் தூக்கியெறிவதையே போட்டோம். தூக்கம் எங்களுக்கும் வேண்டியிருந்தது.

சதுரங்கள் இப்போது ஜன்னல் துடைக்கின்றன. யானைப் படங்கள்தான் பிரச்சினை. பாலியஸ்டர், பாலியூரிதேன், ரப்பர் எல்லாம் ஒட்டிக்கிடப்பதால் மட்கவும் மட்காது, பிரித்து மறுசுழற்சிக்கும் தர முடியாது. கிழிந்த 13-ம் ஒரு மூட்டையாக அலமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன.