கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் தாங்கும் மென்பொருள் எது?

கும்பகோணத்தில் டிடிபி கடை நடத்துகிறவனுக்கு மென்பொருளை எடைபோட ஒரே கணக்குதான்: பன்னிரண்டு வருஷம். கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வது வழக்கம். அப்போது பத்திரிகை அடிப்பார்கள், கூடவே ஸ்தல வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகமும் போடுவார்கள். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு அதே தர்மகர்த்தாவோ அவர் மகனோ வந்து நிற்பார். "தம்பி, போன தடவை அடிச்சது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும்ல? தேதியை மட்டும் மாத்திக் குடுத்திடுங்க." புது வசதி, அழகான ஐகான், வேகம் எல்லாம் சரி. அந்தப் பைல் திறக்கிறதா, திறந்தால் உள்ளே இருப்பது தமிழா என்பதுதான் எனக்குக் கேள்வி. 2004 மகாமகத்துக்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறேன். 2016 மகாமகமும் போய்விட்டது. ஆக, சொல்வதற்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

முதலில் பேஜ்மேக்கர், பக்கம் கட்டும் மென்பொருள். இதைத் திட்ட எனக்கு மனசு வராது. பழைய பென்டியம் மெஷினில், கொஞ்சூண்டு மெமரியில், நூறு பக்கப் புத்தகத்தையும் முணுமுணுக்காமல் ஓட்டும். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், காதுகுத்து, கடைத்திறப்பு என்று ஒரு தலைமுறை அச்சகங்கள் அதில்தான் பிழைத்தன. ஆனால் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு அது நின்றுவிட்டது. கடைசிவரை அதற்கு யூனிகோடு, அதாவது ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுமுறை, தெரியாது. அதனால் பைலுக்குள் இருந்தது உண்மையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்கும், அவற்றின் மேல் ஃபான்ட் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கும். அதே ஃபான்ட் இருந்தால் அபிராமி அந்தாதி தெரியும், இல்லாவிட்டால் கீபோர்டில் பூனை நடந்த மாதிரி ஏதோ தெரியும்.

இணையத்திலும் அந்தக் காலத்தில் இதே கதைதான். ரயிலடிப் பக்கத்துப் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி உட்கார்ந்தால், மோடம் கீச்சிட்டு முடிக்கவே நேரம் போய்விடும். அப்புறம் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தைத் திறந்தால் முதலில் அதற்கான ஃபான்டை இறக்கச் சொல்லும். அடுத்த பத்திரிகைக்கு வேறு ஃபான்ட். எழுத்துக்கு எண் தரும் முறையும் ஆளுக்கொன்று: டிஸ்கி ஒரு பக்கம், 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் ஒரு பக்கம், ஈழத்தவர் தளங்களில் பாமினி இன்னொரு பக்கம். வானவில் வேறு. சென்டர்க்காரரிடம் "அண்ணே, அந்த ஃபான்ட் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எந்த மெஷினில் உட்காருவது என்று முடிவு செய்வேன்.

அப்படியும் அந்த நாட்களை வெறுக்க முடியவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பக்கங்களைப் பார்த்தபோது ஆடிப்போனேன். சுவிட்சர்லாந்தில் இருக்கும் கல்யாணசுந்தரம் என்பவர் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து இலக்கியங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை அது. இன்றும் அந்தத் தளம் இருக்கிறது, இன்றும் அலங்காரம் ஏதுமில்லை. என் கணக்கில் அதற்கு முழு மதிப்பெண்.

யூனிகோடு வந்ததும் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய, கண்ட்ரோல் பேனலில் ஒரு கட்டத்தை டிக் செய்ய வேண்டும். செய்தால் எக்ஸ்பி சிடியைப் போடச் சொல்லும். டெல்டாவில் எத்தனை கடையில் அசல் சிடி இருந்திருக்கும் என்பதை வாசகரின் ஊகத்துக்கே விடுகிறேன்.

தட்டச்சுக்கு முதலில் தமிழா குழுவினரின் எ-கலப்பை, பிறகு நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டர். இரண்டும் இலவசம். நான் அதிகம் உழைப்பு வாங்கியது இரண்டாவதிடம்தான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்துவிட்டு வந்த பெண்ணுக்கு டைப்ரைட்டர் முறை, யாழ்ப்பாணத்து வாடிக்கையாளருக்குப் பாமினி, கல்லூரிப் பையனுக்கு ஆங்கில எழுத்தில் அடிக்கும் முறை என்று ஒரே மெஷினில் எல்லாருக்கும் இடம் கொடுத்தது. எனக்கு ஒத்துவந்தது தமிழ் 99 என்ற கீபோர்டு முறை. உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம், மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'ங்க', 'ந்த' போன்றவற்றுக்கும் அப்படியே. ஆங்கில எழுத்தில் அடித்தால் இதே சொல்லுக்கு ஐந்து தட்டு. ஒரு சொல்லில் ஒரு தட்டு மிச்சம் என்பது சின்ன விஷயம்தான். நாளெல்லாம் அடிக்கிறவன் விரலைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது சங்கடமான பகுதிக்கு வருகிறேன்: பழைய பைல்களை யூனிகோடுக்கு மாற்றுவது. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியும், என்எச்எம் கன்வெர்ட்டரும் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் மறுபடி அடித்திருப்போம். 'கொ' என்பதைப் பழைய ஃபான்டில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடித்திருப்போம். யூனிகோடில் முதலில் க, அதன் பிறகே ஒகரக் குறி. மாற்றி இதையெல்லாம் சரியாகத் திருப்பிவிடும். ஆனால் அது திணறுகிற இடம் ஒன்று உண்டு. எங்கள் ஊர்க் கௌதமேஸ்வரர் கோயிலையே எடுத்துக்கொள்வோம். பழைய ஃபான்டில் 'கௌ' என்பதைக் கொம்பு, க, ள என்று அடிப்பதுதான் வழக்கம். மாற்றிய பிறகு அது 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகிவிடும். தாளில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. தேடினால் மட்டும் கிடைக்காது. இணையத்தில் கௌரவமும் கௌதமனும் பாதிக்குப் பாதி இப்படித்தான் கிடக்கிறார்கள். காலுக்குப் பதில் 'ர' அடித்த பழைய வேலைகளும் உண்டு, உருவம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ப்ரூஃபில் யாரும் பிடிக்கவில்லை. எந்த மாற்றியைப் பயன்படுத்தினாலும் அதன் பிறகு ஒருவர் உட்கார்ந்து வாசித்தாக வேண்டும், வேறு வழியில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். படம் பார்க்கும் இர்ஃபான்வியூ 1996 முதல் இருக்கிறது. ஒரு ஃபோல்டர் நிறையப் படங்களை ஒரே தடவையில் அளவு குறைத்துத் தரும். வீட்டுக்கு இலவசம், கடைக்கு உரிமம் வாங்க வேண்டும், வாங்கியிருக்கிறேன். செவன்-ஜிப், 1999-இல் வந்தது, சுருக்கிய பைல் பொதிகளைப் பிரிக்கும். இவை இரண்டையும் பற்றிப் புகாரே கிடையாது.

இருந்த இடம் தெரியாமல் போனவை வேறு ரகம். சிங்கப்பூரில் இருக்கும் மச்சானோடு பேசிய யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில் மூடப்பட்டது. பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க நான் தினமும் காலையில் திறந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில். இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் அதற்கும் முன்பே, 2009 அக்டோபரில். அவை மோசமான கருவிகள் இல்லை. நம் சாமான் அடுத்தவர் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான். கடையில் இருக்கும் பையன் "எல்லாத்தையும் ஆன்லைன்லயே வச்சுக்கலாம்ணே" என்பான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் போய் நிவாரண மனுக்கள் அடித்துக் கொடுத்தோம். ஜெனரேட்டர் இருந்தது, நெட் இல்லை. மடிக்கணினியில் இருந்த என்எச்எம் ரைட்டரும் நோட்பேடும் மட்டும் போதுமாக இருந்தன. அதன் பிறகு அவன் அந்தப் பேச்சைக் கொஞ்சம் குறைத்திருக்கிறான்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு: இப்போதைய விண்டோஸிலேயே தமிழ் 99 இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். பக்கம் கட்ட எதை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். "பிடிஎஃப் இருக்கே, போதாதா" என்று கேட்பவர்கள் ஒரு தமிழ் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கலாம். பல நேரங்களில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும். அதனால் எந்த வேலை முடிந்தாலும் பிடிஎஃப்போடு வெறும் டெக்ஸ்ட் பைல் ஒன்றையும் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறேன். பெரும்பாலானவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பரவாயில்லை, அந்தப் பைல் ஒரு எம்பி (மெகாபைட்) அளவுகூட வராது.