ஏரியுஸ் மடிப்புக் கயாக்: திருகோணமலையில் பூட்டியும் ஓட்டியும் பார்த்தபின்

கிளெப்பர் நிறுவனத்தின் ஏரியுஸ் இரண்டு என்னும் இருவர் அமரும் மடிப்புக் கயாக்கை (கழற்றிப் பைகளில் அடக்கிவைக்கும் துடுப்புப் படகை) திருகோணமலையில் காண்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, இதைப் பூட்டி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைத்தான். ஆகவே இந்த மதிப்புரையில் பூட்டும் வேலைக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். ஜேர்மனியில் வாழும் என் மைத்துனர் நெடுங்காலம் பாவித்த படகு இது; இப்போது உப்புவெளியில் எங்கள் வீட்டில் இருக்கிறது. மாடிவீட்டில் குடியிருந்துகொண்டு, கரையில் வாடியோ படகு இழுத்துவைக்க இடமோ இல்லாத ஒருவர் கடலுக்குத் தகுதியான சொந்தப் படகு வைத்திருக்க இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. பூட்டுவதையும் கழற்றுவதையும் கழுவிக் காயவைப்பதையும் சுமையாக நினைப்பவருக்கு மட்டும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரச்சட்டத்தின்மேல் போர்த்திய உறைதான் இந்தப் படகு. 1905 ஆம் ஆண்டில் அல்பிரெட் ஹொய்ரிக் என்ற கட்டடக்கலை மாணவர் இவ்வகைப் படகொன்றை வடிவமைத்தார். 1907 இல் ரோசன்ஹைம் நகரத்துத் தையற்காரரான ஜொகான் கிளெப்பர் அதன் உரிமையை வாங்கித் தயாரிக்கத் தொடங்கினார். துணியும் மரக்கம்பும் கடலைத் தாங்குமா என்று ஐயப்படுபவர்களுக்கு ஒரு செய்தி: 1956 இல் ஹன்னஸ் லிண்டமான் என்ற ஜேர்மானிய மருத்துவர் ஏரியுஸ் இரண்டு ஒன்றில் தனியொருவராகக் கனேரித் தீவுகளிலிருந்து புறப்பட்டு, 72 நாட்களில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கரிபியன் தீவொன்றை அடைந்தார். நம்மவர் யாரும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. ஆயினும் நிலாவெளிக் கரையோரத்தில் ஓட்டுவதற்கு இந்தப் படகின் உறுதி போதுமா என்ற கேள்விக்கு அது நல்ல விடை.

படகின் நீளம் 5.2 மீற்றர், அகலம் 87 சென்ரிமீற்றர். எடை 30 கிலோவைத் தாண்டும். ஆனால் எல்லாம் பைகளில் அடங்கிவிடுவதால் ஒரு முச்சக்கரவண்டியே போதும். நீண்ட பையில் சட்டங்களும், இன்னொன்றில் குறுக்குச் சட்டங்களும் இருக்கைகளும், மூன்றாவதில் சுருட்டிய உறையும் இருக்கும். உறையின் மேற்பகுதி தடித்த பருத்தித் துணி. தண்ணீரில் படும் அடிப்பகுதி இறப்பர் பூசியது.

பூட்டத் தொடங்குமுன் விரிப்பதற்கு ஒரு பெரிய தறப்பாள் கட்டாயம் வேண்டும். மணல்தான் இப்படகின் முதல் எதிரி. ஒரு சிட்டிகை மணல் மூட்டுக்குள் போனால் கொளுக்கி முழுவதும் விழாது. உறைக்கும் சட்டத்துக்கும் இடையில் அகப்பட்டால் உள்ளிருந்தே இறப்பரைத் தேய்க்கும். தறப்பாளில் கால் வைக்குமுன் பாதத்தைத் தட்டிக்கொள்ளும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். உறையைச் சிறிது நேரம் வெயிலில் விரித்து வைத்தால் இறப்பர் இளகி வேலை இலகுவாகும். மரச்சட்டங்களையோ நிழலில் வைத்துப் பூட்டுவதே நல்லது. பித்தளைப் பூண்கள் நம் ஊர் நண்பகல் வெயிலில் கையைச் சுட்டுவிடும்.

சட்டம் இரண்டு பாதிகளாக அமைவது. அணியப் பாதியை விரித்து, குறுக்குச் சட்டங்களை எண் வரிசைப்படி நிமிர்த்தி நிறுத்தி, ஒவ்வொரு கொளுக்கியும் 'டக்' என்று விழுவதைக் கேட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். பின்பாதியும் அவ்வாறே. பழைய படகானால் எண்கள் அழிந்திருக்கலாம். எங்கள் படகில் மைத்துனர் வண்ணத்தால் மீண்டும் எழுதியிருந்தார். மாரிக்குப் பிறகு மரம் ஈரம் குடித்து ஊதுவதால் மூட்டுகள் இறுகும். அப்போது சுத்தியலைத் தேடாமல், சாதாரண மெழுகுதிரியைப் பொருத்து முனைகளில் தேய்த்தால் போதும். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

இரண்டு பாதிகளையும் உறைக்குள் செலுத்திய பிறகு வருவதுதான் படகின் குணத்தையே தீர்மானிக்கும் கட்டம். நடுவில் இரண்டு பாதிகளும் கூரைபோல் மேல்நோக்கி உயர்ந்து சந்தித்து நிற்கும். அந்த உயரத்தைக் கீழே அழுத்தி நேராக்கும்போது சட்டம் நீண்டு, உறையை முன்னும் பின்னும் இழுத்து இறுக்குகிறது. அழுத்துவதற்கு முன் அணிய நுனியும் பின்நுனியும் உறையின் தையலுக்கு நேரே அமர்ந்திருக்கின்றனவா, அடிப்பகுதியில் ஓடும் இறப்பர்ப் பட்டி ஏராவின் (படகின் அடியில் நடுவே நீளமாக ஓடும் சட்டத்தின்) கோட்டிலேயே கிடக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அது ஒரு விரலளவு விலகியிருந்தாலும் படகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே ஓடும். துடுப்பு வலிப்பவர் தம் கையில் குறை என்று எண்ணிக் களைத்துப் போவார். எல்லாம் நேராக இருந்தால் உள்ளங்கைகளை அகலமாக வைத்து, விரல்களை இணைப்பின் அடியில் விடாமல், உடல் பாரத்தை மெதுவாக இறக்குவதே முறை. முரட்டு வலிமை தேவைப்படுகிறதென்றால் எங்கோ ஏதோ சரியாக அமரவில்லை என்று பொருள். நிறுத்திவிட்டுத் தேட வேண்டும்.

எஞ்சிய குறுக்குச் சட்டங்களையும் இருக்கைகளையும் பொருத்திய பின், இரு பக்கங்களிலும் உறைக்குள் ஓடும் காற்றுக் குழாய்களை வாயாலேயே ஊதலாம். குழாய் நிறைய நிறைய, சுருக்கம் விழுந்து கிடந்த உறை பக்கவாட்டில் விறைத்து வரும். அதுவரை தொளதொளவென்று தோன்றியது படகாக மாறுவது அந்த நேரத்தில்தான். இந்தக் குழாய்கள் படகு கவிழாதிருக்கவும், தண்ணீர் ஏறினாலும் மிதக்கவும் துணைசெய்கின்றன. ஆனால் வெயிலில் கரையேற்றி வைக்கும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும். சூடேறிய காற்று விரிந்து தையலைப் பதம் பார்க்கும். கை பழகிய இருவருக்கு மொத்த வேலையும் அரை மணி நேரத்துக்குள் முடியும். பழகும்வரை வீட்டு முற்றத்திலேயே பூட்டிக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

ஓட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அலையடிக்கும்போது சட்டம் சற்றே வளைந்து கொடுப்பதால், வாடகைக்குக் கிடைக்கும் கடின பிளாஸ்டிக் கயாக்கில் போல அடி முதுகில் ஏறுவதில்லை. இறக்கக்கண்டிக் களப்பில் பறவைகளுக்கு அருகில் சத்தமில்லாமல் செல்ல முடிகிறது. மே முதல் செப்டெம்பர் வரை நம் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கியே வீசும். இலகுவான படகை வெளியே தள்ளிச் செல்லும் காற்று அது. காற்று எழுமுன் காலையிலேயே போய், கரையை ஒட்டியே ஓட்டித் திரும்ப வேண்டும். உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை. உட்துறைமுகப் பக்கம் போக விரும்புபவர்கள் அது கடற்படைத் தளம் அமைந்த பகுதி என்பதை மனத்தில் வைத்து, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மரச்சட்டத்தின் அருமை பழுது வரும்போதுதான் தெரிகிறது. அனுப்பிவைத்த பொதிச்சேவை ஒன்று பைகளைக் கையாண்ட விதத்தில் ஒரு குறுக்குச் சட்டம் வெடித்து வந்து சேர்ந்தது. அதற்காக வெளிநாட்டுக்கு எழுத வேண்டியிருக்கவில்லை. நம் ஊர்த் தச்சர் ஒருவர் பசை வைத்து இறுக்கி, வார்னிஷ் பூசித் தந்தது இன்றுவரை உறுதியாக நிற்கிறது. அலுமினியக் குழாய்ச் சட்டமுள்ள படகுகள் இதைவிட இலகுவானவை என்றாலும், உப்புத் தண்ணீரில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்கள் பிடித்துக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. மடிப்புக்கோடுகளில் மடங்கும் பிளாஸ்டிக் தகட்டால் ஆன, 'ஓரு' (Oru) என்னும் நிறுவனத்தின் கயாக்குகளில் 10 கிலோவுக்கும் குறைந்த மாதிரிகள் உண்டு. களப்பில் மட்டும் ஓட்டுபவருக்கும் தனியே தூக்கிச் செல்பவருக்கும் அவை போதும். இருவராகக் கடலுக்குப் போக நான் ஏரியுஸையே தெரிவுசெய்வேன். புதிதாக வாங்கினால் பல ஆயிரம் யூரோ ஆகும் என்பதால், நன்றாகப் பேணிய பழைய படகைத் தேடுவதே நம்மைப் போன்றவர்களுக்கு வழி. வாங்குமுன் உறையின் இறப்பர் வெடித்திருக்கிறதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும். மரத்தைத் திருத்தலாம், முழு உறையை மாற்றுவது பெருஞ்செலவு.

கடலில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் நன்னீரில் கழுவ வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்நீர் என்பதால் குழாய்த் தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ பாவிப்பது நல்லது. பருத்தித் துணியைத் தொட்டுப் பார்க்கும்போது சில்லென்ற ஈரம் தெரிந்தால் சுருட்டக் கூடாது. ஈரத்தோடு பையில் போட்டால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும், அது போகவே போகாது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம் முழுவதும் படகு பைகளில்தான் இருக்கப்போகிறது என்பதால், உறையை இறுக்கி மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, பையின் வாயைத் திறந்தபடி கட்டிலில் வைக்க வேண்டும். மழை விட்டு வெயில் எறிக்கும் நாட்களில் எடுத்து விரித்து, புதிய கோட்டில் மீண்டும் சுருட்டினால் இறப்பர் ஒரே இடத்தில் வெடிக்காது.