பள்ளி விலக்கில் நூறா, நாற்பதா?

நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் மாலை நாலரை மணிக்கு நின்று பாருங்கள். அரசு கொடுத்த சைக்கிள்களோடு பிளஸ் ஒன் பிள்ளைகள் நான்குவழிச் சாலையைக் கடப்பார்கள். பாதி தாண்டியதும் சென்டர் மீடியனின் இடைவெளியில் காத்திருக்க வேண்டும். மீடியனின் அகலத்தைவிட சைக்கிள் நீளம். முன்சக்கரத்தை உள்ளே இழுத்தால் பின்சக்கரம் பஸ் வரும் தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே வேகத்தைக் குறைக்க ஊரில் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள்.

வேக வரம்பைக் குறைத்துப் பலகை வைப்பது முதல் யோசனை. குறைக்கத்தான் வேண்டும். 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, கார்களுக்கு நான்குவழிச் சாலையில் 100 கி.மீ., நகராட்சி எல்லைக்குள் 70 கி.மீ. என்று வகுத்தது. எங்கள் விலக்கு கிராம ஊராட்சியில் இருக்கிறது. நகரத்துப் பிள்ளையின் முன்னால் 70-இல் வர வேண்டிய கார், எங்கள் பிள்ளையின் முன்னால் 100-இல் வரலாம் என்றால் அது என்ன கணக்கு? அந்த அறிவிக்கையை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, வேகத்தைக் குறைக்கச் சொன்னது. எங்கள் விலக்கில் வண்டிகளின் வேகம் குறையவில்லை. பலகையைப் பார்த்து மட்டும் யாரும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதில்லை.

பள்ளி நேரத்துக்கு மட்டும் குறைத்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. நியூசிலாந்தில் 2024-இல் வந்த விதி, பள்ளி வாசல்களுக்கு அந்த வழியைத்தான் எடுத்தது. நமக்கு அது பொருந்தாது என்பது என் திடமான கருத்து. பிளஸ் டூ சிறப்பு வகுப்பு முடியவே இருட்டிவிடுகிறது. சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. ரேஷன் கடைக்குப் போகும் பாட்டிக்குப் பள்ளி மணி கிடையாது.

இரும்புத் தடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து வண்டிகளை வளைந்து போகவைப்பது போலீசாரின் வழக்கமான வழி. நகைக்கடை விளம்பரம் எழுதிய அதே தடுப்புகள். பகலில் நன்றாகவே வேலை செய்கின்றன. இரவில் ஒன்று காற்றில் சாய்ந்து கிடந்தால், ஒளிரும் ஸ்டிக்கரும் உரிந்திருந்தால், பைக்கில் வருகிறவருக்கு அதுவே எமன். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பது மத்திய அமைச்சகத்தின் நிலைப்பாடு. அதனால் வண்டி அதிரும்படி சாலையின் குறுக்கே வெள்ளைப் பட்டைகளைத் தடிமனாகப் பூசுகிறார்கள். தேய்ந்த பிறகு அவற்றை யார் மதிக்கிறார்கள்?

நடைமேம்பாலத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. சுரங்கப்பாதை, மழைநீர் தேங்காமல் கட்டினால், எல்லாவற்றையும்விட மேலானது. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அது வருவதற்குள் எத்தனை பிளஸ் ஒன் வகுப்புகள் கடந்துபோகும்?

ஆகவே நான் கேட்பது நாள் முழுவதும் 40. அதோடு அந்த 40 பொருந்தும் சாலைத் துண்டின் இரண்டு முனையிலும் கேமரா. ஒரே இடத்தில் கேமரா இருந்தால் அங்கே மட்டும் பிரேக் போட்டுவிட்டுப் பறப்பார்கள். இரண்டு கேமராக்களுக்கு நடுவே எடுத்த நேரத்தைக் கணக்கிட்டால் அந்த வித்தை பலிக்காது. மின்னணுக் கண்காணிப்புக்கான விதி 2021-லேயே வந்துவிட்டது.

40 மிகக் குறைவு என்று கார் வைத்திருக்கும் நண்பர்கள் கோபிக்கிறார்கள். 80-இல் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே அந்த ஒரு நொடி ஆகிவிடும். காய்ந்த சாலையில் 40-இல் வரும் கார் ஏறக்குறைய அதே 22 மீட்டருக்குள் முழுவதுமாக நின்றே விடும். ஒரு கிலோமீட்டரை 80-இல் கடக்க 45 நொடி, 40-இல் கடக்க 90 நொடி. நாம் கேட்பது அந்த 45 நொடியைத்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, மக்களின் பாதுகாப்புக்காக ஓர் இடத்தில் வேகத்தைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதுகிறவர்கள் அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிடுங்கள். மீடியனில் நிற்கும் சைக்கிளைப் படமெடுத்து, பின்சக்கரம் தெரியும்படி மனுவோடு இணையுங்கள்.