எங்கள் நாய் மணிக்கு எடுத்த பிஎஃப்கே டிஎன்ஏ டெஸ்ட்: முடிவு சரி, கடிதம்தான் போதாது

மணி எங்கள் வீட்டு ஸ்பிரிங்கர் ஸ்பானியல் நாய், மூன்று வயது. லெஸ்டரில் இருக்கிறோம். போன ஜூலையில் ஒரு நாள் நல்ல வெயிலில் வேலிமேல் உட்கார்ந்திருந்த பூனையைப் பார்த்து அரை மணி நேரம் விடாமல் குரைத்தான், அப்புறம் கொல்லையில் வெள்ளைக் கல்மேல் அவன் போன சிறுநீர் கெட்டி டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. கழுவிவிடக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன். ஈறு வெளுத்து, உடம்பு கொதித்தது. இரண்டு நாளில் தேறிவிட்டான். ஆனால் நன்றாக ஓடியாடிய மறுநாளெல்லாம் அதே நிறம் திரும்ப வந்தது.

முதலில் காட்டிய கிளினிக்கில், உடம்பே தன் ரத்த அணுக்களை அழிக்கிறது என்று ஸ்டீராய்டு கொடுத்தார்கள். நான்கு மாதம் சாப்பிட்டான். தண்ணீராகக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வெளியே போக எழுப்பியதுதான் மிச்சம். வேறொரு டாக்டர்தான் "எப்போதெல்லாம் வருகிறது?" என்று கேட்டார். குரைத்த பிறகு, ஓடிய பிறகு என்று சொன்னதும் பிஎஃப்கே டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

சிவப்பணுவுக்கு குளுக்கோஸை உடைத்துச் சக்தி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதில் ஒரு முக்கியமான கட்டத்தை நடத்துகிற என்சைம் பாஸ்ஃபோஃபிரக்டோகைனேஸ், சுருக்கமாக பிஎஃப்கே. அது குறைந்த நாய் வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் காரத்தன்மை ஏறி, அதைத் தாங்காமல் அணுக்கள் உடைந்து, ஹீமோகுளோபின் சிறுநீரில் வந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் இதை 1985-லேயே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கன் காக்கர் ஸ்பானியலிலும் விப்பெட்டிலும் உண்டு. இவ்வளவு தெரிந்த நோய்க்கு நான்கு மாதம் தவறான மருந்து போனது இன்னும் ஆறவில்லை.

ஆன்லைனில் ஆர்டர் செய்தோம், 50 பவுண்டுக்குள் முடிந்தது. கவரில் இரண்டு சின்ன பிரஷ், ஒரு படிவம். ஒரு மணி நேரம் எதுவும் கொடுக்காமல் வைத்திருந்து, கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து, உலரவிட்டு அனுப்ப வேண்டும். முதல் பிரஷை மணி கடித்துவிட்டான், இரண்டாவதை என் மகன் அவன் தாடையைத் தாங்கிப் பிடிக்க எடுத்தோம். ஒன்பதாம் நாள் மெயில் வந்தது. பாதிக்கப்பட்டது, பழுதான ஜீன் இரண்டு பிரதி. அவ்வளவுதான், ஒரே வரி. வெயிலில் ஓடவிடாதீர்கள், ரொம்ப நேரம் குரைக்கவிடாதீர்கள், பதற்றம் கூடாது என்று இன்னும் மூன்று வரி சேர்த்திருந்தால் என்ன? கேட்டு எழுதியதற்கு மூன்று நாள் கழித்து வந்த பதிலிலும் அது இல்லை. எங்களுக்கு டாக்டர் சொன்னார். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியதும் அவர்தான். இப்போது வெயில் ஏறுமுன் நடை, மதியம் வீட்டுக்குள். நான்கு மாதமாக நிறம் மாறவில்லை.

மணியை வாங்கிய இடத்துக்கும் போன் செய்தேன். தாய், தகப்பன் இரண்டும் கேரியராக, அதாவது பழுதான ஜீன் ஒரு பிரதி மட்டும் உள்ளதாக இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு, கேரியர் நாயைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. மணியை எங்களுக்கு விற்ற அம்மா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு தாய் நாய்க்கு டெஸ்ட் எடுத்தார், கேரியர். கூடப் பிறந்த ஐந்து குட்டிகளை வாங்கியவர்களுக்கும் அவரே போன் செய்து சொல்லியிருக்கிறார், இதுவரை மூன்று பேர் எடுத்துவிட்டார்கள். நீங்கள் பால் குடிக்கிற குட்டிக்கு எடுப்பதாக இருந்தால் முதலில் தாயிடமிருந்து பிரித்து வையுங்கள், வாயில் தாயின் செல் ஒட்டியிருந்தால் முடிவு குழம்பிவிடும்.