ஆக்ஸ்ஃபோர்டில் ஆட்டுக் கிழவியின் கடை

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில், கிரைஸ்ட் சர்ச் கல்லூரிக்கு எதிர்ச்சாரியில், செயின்ட் ஆல்டேட்ஸ் தெரு 83ஆம் எண்ணில் ‘ஆலிஸ் ஷாப்’ என்ற சிறிய கடை இருக்கிறது. ஆலிஸ் என்ற சிறுமியின் விந்தைப் பயணங்களைச் சொல்லும் ஆங்கிலக் குழந்தைக் கதைகளைச் சார்ந்த கோப்பைகள், சீட்டுக்கட்டுகள், சதுரங்கப் பலகைகள், சமையலறைத் துண்டுகள், புத்தகங்கள் ஆகியவை இங்கே விற்கப்படுகின்றன. அக்கதைகளில் வரும் வெள்ளை முயலையும் தொப்பிக்காரரையும் அச்சிட்ட பொருள்கள் வேறு பல இடங்களிலும் கிடைக்கும் என்பதால், அவற்றுக்காக மட்டும் இங்கே வரவேண்டியதில்லை. இந்தக் கடையின் அருமை, கதையில் ஓர் அத்தியாயத்தில் மட்டுமே தலைகாட்டும் ஆட்டுக் கிழவியிடம் இருக்கிறது.

கிரைஸ்ட் சர்ச்சில் கணிதம் கற்பித்த சார்லஸ் டாட்ஜ்சன், லூயிஸ் கேரல் என்ற புனைபெயரில் எழுதிய இரண்டாவது ஆலிஸ் நூலான ‘த்ரூ தி லுக்கிங்-கிளாஸ்’ 1871இன் இறுதியில் வெளிவந்தது; முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் ஆலிஸ் நுழைந்து செல்லும் கதை அது. அதன் ஐந்தாம் அத்தியாயத்தில் வெள்ளை ராணி, பேசிக்கொண்டிருக்கும்போதே, மூக்குக்கண்ணாடி அணிந்து கம்பளி பின்னும் கிழட்டு ஆடாக மாறிவிடுகிறாள்; ஆலிஸ் தான் ஓர் இருண்ட சிறு கடைக்குள் நிற்பதை உணர்கிறாள். அந்தக் கடைக்கு மூலம் இந்தக் கடைதான். கதையின் ஆலிஸுக்குத் தூண்டுதலாக இருந்தவளும் கல்லூரித் தலைவரின் மகளுமான ஆலிஸ் லிடல், தெருவைக் கடந்து வந்து இங்கே மிட்டாய் வாங்கினாள் என்பதும், அப்போது கடையில் இருந்த மூதாட்டியின் குரல் ஆடு கத்துவதுபோல் இருந்தது என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள்.

வணிகம் செய்பவளாக அந்த ஆட்டுக் கிழவியைப் போல ஒருத்தியை நான் வேறெந்தக் குழந்தைக் கதையிலும் படித்ததில்லை. ஒரு முட்டை ஐந்தேகால் பென்ஸ், இரண்டு முட்டை இரண்டே பென்ஸ் என்று விலை சொல்லும் அவள், இரண்டு வாங்கினால் இரண்டையும் தின்றே ஆகவேண்டும் என்று நிபந்தனை வைக்கிறாள். வாங்கிய பொருளை வாடிக்கையாளரின் கையில் கொடுப்பது அவளுக்கு வழக்கமில்லை. கடையின் மறுகோடியில் இருக்கும் அலமாரித் தட்டில் முட்டையை நிறுத்திவிட்டு, ஆலிஸே போய் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறாள். ஆலிஸ் நெருங்க நெருங்க முட்டை விலகிப் போய், அடுத்த அத்தியாயத்தில் ஹம்ப்டி டம்ப்டி என்ற, பேசும் முட்டை மனிதனாக வளர்ந்து நிற்கிறது. எந்தத் தட்டை உற்றுப் பார்த்தாலும் அது மட்டும் வெறுமையாகவும், சுற்றியுள்ளவை நிறைந்தும் தெரிவது, காசு குறைவாக உள்ள குழந்தை கடையில் நின்று தவிக்கும் தவிப்பை அப்படியே சொல்லிவிடுகிறது.

இந்த அத்தியாயத்தை முன்னரே படித்துவிட்டுச் செல்பவருக்கே கடை முழுமையாகத் திறக்கும். நூலுக்குப் படங்கள் வரைந்த ஓவியர் ஜான் டென்னியல், ஆட்டுக் கிழவியின் கடையை இந்தக் கடையின் உட்புறத்தையே மாதிரியாகக் கொண்டு வரைந்தார். ஆனால் கண்ணாடிக்குள் நிகழும் கதை என்பதால் கதவையும் சன்னலையும் இடம்வலமாக மாற்றிவிட்டார். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நின்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, என் மதிப்பீட்டில், இங்கே பெறக்கூடிய பெரும் மகிழ்ச்சி. அதற்குக் கட்டணமும் இல்லை.

இடம் மிகச் சிறியது. பெரிய பைகளோடு நுழைந்தால் மற்றவர்களுக்கு இடைஞ்சலாகும். கூட்டம் சேருமுன் போவது நல்லது. குழந்தைகளோடு செல்பவர்கள் ஒரே ஒரு பொருள்தான் வாங்குவதென்றால், முதல் கதையை விட்டுவிட்டு, டென்னியலின் படங்களோடு கூடிய இரண்டாம் கதையை வாங்கிக் கொடுக்கும்படி பரிந்துரைக்கிறேன்.